பானுமதிக்கான பழி

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெயகணேசுக்கு அம்மா முப்பிடாதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் பிரபாவதியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும் என்று முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். வாய்ஸ் அனுப்பலாம் என்றால் அதில் இனி நான் பேசுவதாக இல்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, நீயே படி. பிரபாவதியைப் படித்துக் காட்டச் சொல்லாதே, பிள்ளைத்தாய்ச்சி கேட்கிற விஷயம் இல்லை இது.

அப்பாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, ஆனாலும் கிங்ஸ் சர்க்கிள் பாத்திரக்கடைக்கு நடந்தேதான் போகிறார். உன் அக்கா பானு போனதிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறுவதில்லை என்பது உனக்குத் தெரியாதது இல்லை. நெருளில் உன் அத்தை விஜயராணி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை சான்பாடாவில் இருக்கிறான், நல்ல பையன் என்கிறார்கள். நம் சந்தில் சர்வேக்காரர்கள் மறுபடியும் வந்து கதவில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள், இடித்துக் கட்டித் தருகிறோம் என்ற வீட்டை எப்போது தருவார்களோ தெரியாது. அங்கே வின்னிபெக்கில் பனி கொட்டுகிறது என்று பிரபாவதி படம் அனுப்பினாள். காதை மூடுகிற தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். பிரபாவதி சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும்.

போன மாதம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பானு ஏறிய பஸ்ஸில் டிபன் டப்பாவுக்குள் குண்டு வைத்தவனுக்குத் தூக்கு என்று கீழ்க்கோர்ட்டில் சொன்னார்கள் இல்லையா, அந்த அப்பீல் இன்னும் நடக்கிறது. அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முடி நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான். என் மகளுக்கு ஒரு நரைமுடி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, இவன் அரசாங்கச் சோறு தின்று நரைத்துப்போய் நிற்கிறான். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவன் சாக வேண்டும், அதை நான் உயிரோடு இருந்து கேட்க வேண்டும். தினமும் விளக்கேற்றும்போது நான் கேட்கிற வரம் இது ஒன்றுதான். உனக்கு இது தெரியட்டும் என்றுதான் முதலில் எழுதுகிறேன், அம்மாவுக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து ஷ்யாமளா என்று ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். குண்டுவெடிப்பில் ஆளைப் பறிகொடுத்தவர்களை எல்லாம் கூட்டி ஒரு ஹாலில் கூட்டம் போடுகிறார்களாம், மனுஷ ஜாதி என்றைக்காவது இந்த வெட்டு குத்து குண்டு எல்லாவற்றையும் விட்டுவிடுமா என்று பேசப்போகிறார்களாம், நான் வந்து அவனை மன்னித்துவிட்டேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும் என்றார். மரியாதையான பெண், காபி கொடுத்தேன், குடித்தார். மன்னிக்கவில்லையே அம்மா, எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னை வைத்துப் பதில் சொன்னால் மனுஷ ஜாதி விடாது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விடவில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வடக்கே அந்தத் தாக்குதல் நடந்தது, நீயும் டிவியில் பார்த்திருப்பாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போன ஒவ்வொரு பிள்ளையின் முகமும் பானு முகமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போகிறேன், சொரிமுத்து இளநீர்க்கடைக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு பேனர் கட்டியிருக்கிறது, அதில் பானு. காலேஜ் சேர்ந்த அன்று மஞ்சள் சுடிதாரில் எடுத்த படம், நம் வீட்டையும் உன் போனையும் தவிர எங்கும் இல்லாத படம். கீழே நீதி வேண்டும் என்று தமிழிலும் மராட்டியிலும் எழுதியிருந்தது. பேனர் கட்டியது ஜெயராம், கார்ப்பரேட்டர் தேர்தலில் நின்று தோற்றானே அவன்தான். வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, சித்தி முறை கொண்டாடி, சாயங்காலம் கூட்டம் இருக்கிறது மௌசி, நீங்கள் மேடையில் உட்கார வேண்டும் என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் பிள்ளை பெயரைச் சொல்லி இந்தச் சந்தில் யாரும் ஒரு நாற்காலி போட்டது கிடையாது. அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. நீ எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் நிறைய இருந்தது. முதலில் ஜெயராம் பானுவைப் பற்றிப் பேசினான், நான் அழுதேன். அப்புறம் ஸ்பீக்கரில் ஒரு குரல் போட்டார்கள். முதல் வார்த்தையிலேயே உன் குரல் என்று தெரிந்துவிட்டது. நீ போன் பண்ணி மூன்று வாரம் ஆகியிருந்ததா, குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, பிள்ளை அக்காவை மறக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லக்கூடச் செய்தேன். அதற்குப் பிறகுதான் நீ என்ன சொல்கிறாய் என்று காதில் விழுந்தது. "எங்க அக்காவக் கொன்ன கூட்டம் நம்ம சந்துலயே கட போட்டு உக்காந்திருக்கு. இன்னும் எத்தன நாளைக்குப் பாத்துட்டு இருப்பீங்க? நா இங்க இருக்கேன், என்னால முடியல. நீங்க செய்ங்க." சனம் கைதட்டியது. ஜெயராம் மைக்கை வாங்கி இவர்கள் இருக்கும்வரை உலகம் திருந்தாது, முதலில் நம் சந்தைச் சுத்தம் பண்ணுவோம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கடையாகப் பெயர் சொன்னான். முதல் பெயரே மன்சூர் அலியின் தோல்பை தைக்கிற பட்டறை. பின்னால் நின்ற ஆட்கள் கையில் இரும்புக் கம்பி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மன்சூர் அலியை எனக்குப் பிடிக்காது என்று உனக்கே தெரியும். வெட்டிய தோல் துண்டை எல்லாம் நம் வாசல் சாக்கடையில் தள்ளிவிட்டு இல்லவே இல்லை என்று சாதிக்கிற மனுஷன். இந்த மழையில்கூட அவரோடு தெரு அதிரச் சண்டை போட்டேன். மேலப்பாளையத்துக்காரர் என்பதால் நம் ஊர்ப் பேச்சிலேயே திருப்பித் திட்டுவார், அது இன்னும் எரிச்சலாக இருக்கும். ஆனால் சாக்கடையை அடைத்தவர் வேறு, என் மகளைக் கொன்றவன் வேறு. ஜெயராம் மைக்கை என் கையில் கொடுத்து, மௌசி வாயாலேயே சொல்லட்டும், இவர்கள் இங்கே இருக்கலாமா என்று கேட்டான். நான் எழுந்து நின்றேன். மேடையில் பேசத் தெரியாது எனக்கு, நெஞ்சில் இருந்தது வந்தது. "எம் மவளக் கொன்னவன் பேரு எனக்குத் தெரியும். மூஞ்சி தெரியும். அவன் கெடக்க ஜெயிலு தெரியும். அவன் சாவணும்னு நா தெனமும் கும்பிடுதேன். மன்சூர் அலி எம் மவளக் கொல்லல. என் பழிய எவனும் தூக்கிட்டுப் போயி வேற வாசல்ல தீக்கப்பிடாது. அது எனக்குள்ளது" என்றேன். இன்னும் சொல்ல இருந்தது. ஜெயராம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, மௌசிக்கு மனசு சரியில்லை என்று சிரித்துவிட்டு, என் பேச்சை அமுக்க உன் குரலை மறுபடியும் போடச் சொன்னான்.

பாதிப் பேர் அப்போதே கலைந்து போய்விட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். மீதிப் பேர் பட்டறைக்குப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன், அரக்குப் பட்டு தடுக்கி விழுந்தேன், முழங்கை சிராய்த்தது, அது ஒன்றும் இல்லை. ஷட்டரை நெம்பி, தையல் மிஷின்களைத் தெருவில் இழுத்துப் போட்டு, தைத்து வைத்த பைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். மன்சூர் அலியின் மகள் மெஹக் உள்ளே இருந்திருக்கிறாள், நர்ஸ் படிக்கிற பிள்ளை, கண்ணாடிக் கதவை உள்ளேயிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறாள். கண்ணாடி உடைந்து வலது கை கிழிந்துவிட்டது. சயான் ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள், நரம்பு அறுந்திருக்கிறது, இரண்டு விரல் மடங்காது என்கிறார்கள். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஸ்பீக்கரில் நீதான் பேசிக்கொண்டிருந்தாய். யாரும் அதை நிறுத்தவில்லை.

நான் திரும்பி வந்து சொரிமுத்து கடையில் இளநீர் வெட்டுகிற அரிவாளை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை, விலகி நின்றார். பேனர் கயிற்றை அறுத்தேன், பானு முகம் தரையில் விழுந்தது. யாரும் மிதித்துவிடக் கூடாது என்று முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே ஜெயராம் நிற்கிறான். அந்த நிமிஷம் என்னிடம் அரிவாள் இருந்தது, அவன் கழுத்து இருந்தது. ஓங்கிவிட்டேன், மகனே. உன் அப்பா எப்போது வந்தாரோ, பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "அதத் தா முப்பிடாதி" என்று மட்டும் சொன்னார். கொடுத்துவிட்டேன். அவர் வரவில்லை என்றால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன், வருத்தமும் பட்டிருக்க மாட்டேன். ஷ்யாமளா டீச்சர் என்னை விட்டுவிட்டு வேறு நல்ல மனுஷியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்சூர் அலி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. "மதினி, அது ஒங்க மவன் தான பேசுனான்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சைக்கிள் பழகையில எம் பட்டறைச் செவுத்துலதான் வந்து முட்டுவான்" என்றார். மெஹக் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். பானுவைவிட ஒரு வயது மூத்த பிள்ளையாக இருப்பாள், அதாவது பானு போகும்போது இருந்த வயதைவிட.

பெண் குழந்தை பிறந்தால் பானுமதி என்று பெயர் வைப்பேன் என்று சொல்லியிருந்தாய். வைக்காதே. எந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் கையை வெட்ட அனுப்பினாயோ அந்தப் பெயரை உன் பிள்ளைக்கு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அக்காவுக்காக உனக்கு ரத்தம் கொதிக்கிறது என்றால் டிக்கெட் எடுத்து வந்து என் பக்கத்தில் கோர்ட் பெஞ்சில் உட்கார், கொன்றவன் கண்ணைப் பார். ஒரு தடவை வந்திருக்கிறாயா? அங்கே ஹீட்டர் போட்ட ரூமில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசினால் அது பழி இல்லை. முதலில் அந்தப் பிள்ளை மெஹக்கிடம் பேசு, அவள் காறித் துப்பினால் வாங்கிக்கொள், பெயரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

இனி நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. போலீசில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கம்பி வைத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்த ஆட்களின் பெயரைச் சொன்னேன், ஜெயராம் பெயரை முதலில் சொன்னேன். அவன் உள்ளே போகும்வரை விடப்போவதில்லை, கொன்றவனுக்கு அடுத்தபடி இப்போது அவனுக்காகவும் விளக்கேற்றுகிறேன். பிறகு அந்த வாய்ஸ் யாருடையது என்று கேட்டார்கள். ஜெயராம் யாரோ ஃபார்வர்டு பண்ணியது, தெரியாது என்று சொல்லிவிட்டானாம். சந்தில் யாரும் என் முகத்துக்காக வாயைத் திறக்கவில்லை. மன்சூர் அலிகூடச் சொல்லவில்லை. அப்பா மேஜைக்குக் கீழே என் கையை அழுத்திப் பிடித்தார். அப்போது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா, பானு கேஸ் நடக்கும்போது அந்தக் கொலைகாரனின் அம்மா கூண்டில் ஏறி, அன்றைக்கு என் மகன் வீட்டில்தான் படுத்திருந்தான் என்று சத்தியம் பண்ணிப் பொய் சொன்னாளே, அந்த முகம். அவளை நான் இன்றைக்கும் சபிக்கிறேன். அவள் செய்ததை நானும் செய்துவிட்டு அப்புறம் எந்த வாயால் அவளைச் சபிப்பது? "அது எம் மவன் கொரலு" என்று சொன்னேன். உன் முழுப் பெயரும், வின்னிபெக் விலாசமும், போன் நம்பரும் கொடுத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டேன். அப்பா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. மும்பை நம்பரிலிருந்து போலீஸ் கூப்பிட்டால் போனை எடு, பேசியது நான்தான் என்று சொல்லு.

இப்படிக்கு,
உன்னையும் பானுவையும் பெற்ற அம்மா,
வே. முப்பிடாதியம்மாள்