பீங்கான் இடுப்பும் சிவப்பு நாற்காலியும்

மச்சான்,

இன்று காலை நாகர்கோவிலில் டாக்டர் என் இடுப்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குழிக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை. அதைப் பார்த்ததும் "இன்னும் உடையலியாலே?" என்று நீ பக்கத்தில் நின்று கேட்பதுபோல இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் அதை வைத்தார்கள். கன்னியாகுமரி முதல் இனயம் வரை கடற்கரையில் செராமிக், அதாவது பீங்கான் இடுப்பு வைத்த முதல் ஆள் நான்தான். யாரும் இதுவரை மறுத்ததில்லை. ஜெர்மனியிலிருந்து ஒரு டாக்டர் பறந்து வந்தார் என்றும் ஊரில் சொல்லி வைத்தேன். உருண்டை மட்டும்தான் வந்தது என்று உனக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. பஸ் மேலே ஏறினாலும் பொடியாது என்று நான் கதை அளந்தபோதுதான் வாய் திறந்தாய்.

"எடே, எங்க வீட்டுல மாசம் ரெண்டு பீங்கான் கோப்ப உடையுது. ஒனக்கு மட்டும் உடையாதோ?"

குத்தவைத்து உட்காரக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். முட்டம் கரையில் மீன் குவியலைச் சுற்றி எல்லோரும் குத்தவைத்துத்தான் ஏலம் நடக்கும். ஏலம் விடுகிற நான் மட்டும் கொடிமரம்போல நின்றேன். கரையே சிரித்தது. மறுநாள் உன் வள்ளம் கரையேறியதும், வலையைக்கூட உதறாமல் வீட்டுக்கு ஓடி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய்.

"இரிலே ராஜா. கோப்ப உடைஞ்சா எம் மீன யாரு விப்பா?"

பதினோரு வருடம் தினமும் தூக்கி வந்தாய். நானே காசு கொடுத்து வரவழைத்த நாற்காலி என்று வெளியூர் வியாபாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்.

நாலாம் வருடம் மாதா கோயில் படியேறும்போது இடுப்பு கிறீச் என்றது.

"ஒனக்க இடுப்புல எலி கெடக்குது, கேட்டியா."

"வெல கூடினதெல்லாம் இப்பிடித்தாம் பாடும்" என்றேன். உள்ளுக்குள் பயம். விரிசல் என்று சொல்லிவிட்டால்? திரும்பவும் கத்தி வைத்தால்? வருடாவருடம் வரச் சொன்ன டாக்டரை அத்தோடு பார்ப்பதை நிறுத்தினேன். உன்னிடமோ, "என்னப் பாத்துதான் டாக்டரே படிக்காரு" என்று அளந்தேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகும் கேலி விடவில்லை. "எனக்க சவப்பெட்டிய நீ தூக்காண்டாம் மக்கா. படியில கோப்ப உடைஞ்சா ரெண்டு பேரும் உருளுவோம்."

"தூக்குவேன், பாரு" என்றேன்.

தூக்கினேன். ஆறு பேர் பிடித்தோம். பாதிப் பாரம் என் தோளில்தான். மாதா கோயில் நடுப் படியில் கிறீச் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைக் கீழே விடாமல் இறக்கினேன். அதன்பின் மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றவே பயம். கரைக்கும் போகவில்லை. கடைசியில் இன்று என் பெண்டாட்டி, உன் தங்கைதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்தத்தை ஏழு வருடம் மறைத்ததை அவள் முன்னாலேயே டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

"தேய்மானம் ஒண்ணும் தெரியல. விரிசலும் இல்ல. வச்ச இடத்துலயே இருக்கு. சத்தம் சிலருக்கு வரும். ஆனா காட்டாம மறைச்சது தப்பு" என்றார் டாக்டர்.

"இனி வருசா வருசம் நான் கூட்டியாறேன் சார். இவருக்க வாய நம்பாதீங்க" என்றாள் உன் தங்கை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர். தூசி விழுந்தது என்றேன். அவள் தன் முந்தானையை நீட்டினாள்.

திரும்பும் வழியில் உன் வீட்டில் ஏறினோம். நாற்காலி நடையிலேயே கிடந்தது. கேட்டு வாங்கித் தோளில் போட்டேன். படியிறங்கும்போது கிறீச் என்றது. முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்குப் பயம் தரவில்லை.

நாளை விடியலில் கரைக்குப் போகிறேன், மச்சான். நாற்காலியை நானே தூக்கிக்கொள்வேன். எலிச் சத்தம் கேட்டால் நான்தான் வருகிறேன் என்று வைத்துக்கொள்.