படப்பின் நீல நிழல்

என்னங்க, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு எழுதும் முதல் கடிதம், அதுவும் உங்களுக்கு.

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நீங்கள் இருந்தவரை எத்தனை கெஞ்சினீர்கள், நான் அசைந்தேனா? நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து நம் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

உங்கள் பிரெஞ்சு ஓவியரும் என்னை மாதிரியே ஆபரேஷனுக்குப் பயந்தவராமே. தாலுகா ஆபீஸிலிருந்து வந்ததும் நூலகப் புத்தகத்தை விரித்து, நான் கீரை ஆய்கையில் அவர் கதையைச் சொல்வீர்கள். அரைகுறைப் படம் என்று பத்திரிகைகள் கேலி செய்தது, வறுமையில் கிடந்தது, சின்ன வயதிலேயே மனைவி போனது. செத்துக் கிடந்தவள் முகத்தில் நிறம் மாறுவதை அவர் வரைந்தாராம். "அவரெல்லாம் ஒரு மனுசனா?" என்றேன். நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள்.

ஒரே வைக்கோற்போரை அவர் காலை, மாலை, பனி என்று திரும்பத் திரும்ப வரைந்ததைப் படித்ததும் உங்களுக்குப் பித்துப் பிடித்தது. ஞாயிறானால் முதல் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டிப் போய் ஒரு வைக்கோல் படப்பின் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். நாலாவது வாரம் படப்புக்காரர், கண் பட்டுவிடும் என்று சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டியை அதன் உச்சியில் கவிழ்த்துவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இம்புட்டு நேரம் முறைச்சுப் பாத்தா எம் மாடு எப்படித் திங்கும்?"

நீங்கள் சட்டியையும் சேர்த்தே வரைந்துகொண்டு வந்தீர்கள். முன்னறையில் மாட்டட்டுமா என்று கேட்டீர்கள். என் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. "படப்பு நிழலு எந்த ஊர்ல நீலமா இருக்கு? சொட்டுநீலத்தக் கொட்டிட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் தூரிகையைத் தொடவே இல்லை. படம் பீரோவுக்குப் பின்னால் போயிற்று.

கண்ணாடி வந்த மறுநாள் மகளோடு முதல் பஸ்ஸில் போனேன். அதே களத்தில் புதுப் படப்பு. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். நிழல் நீலம். வலதைப் பொத்தினேன். டீத்தண்ணி நிறம். ஒரு கண்ணில் உங்கள் படப்பு, மறு கண்ணில் என்னுடையது.

டாக்டரிடம் கேட்டால், "கொஞ்ச நாளைக்கு நீலம் தூக்கலாத் தெரியும்மா" என்கிறார். அந்த ஓவியருக்கும் அப்படித்தான் ஆயிற்று என்று நீங்கள் சொன்ன ஞாபகம். அப்படியானால் எதுதான் நிஜம்? நீங்கள் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு வரை பேசியிருப்போம்.

ஒன்று மட்டும் தாங்கவில்லை. கடைசியாக உங்கள் முகத்தை நான் பார்த்ததும் புரை விழுந்த கண்ணால்தான். அதில் என்ன நிறம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. மனைவி முகத்தை வரைந்த அந்த மனுஷனை இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

படத்தை முன்னறையில் மாட்டிவிட்டேன். அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வந்து பார்க்கட்டும். அடுத்த மாதம் இடது கண்ணையும் கத்திக்குக் கொடுக்கப் போகிறேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கொடுத்துவிடுவேன். உங்களைப் பார்த்துச் சிரித்த கண்களில் அது ஒன்றுதான் மிச்சம்.

உங்கள் சம்சாரம்,
கோமதி
ஆனையூர்