மச்சம் இல்லாத படம்

நீ எழும்போது நான் மறுபடி விண்ணப்பிக்க விசா ஆபீஸ் வரிசையில் நிற்பேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்றும் பட்டினி கிடந்தாய், இன்றைக்காவது சாப்பிடு.

பத்து மணிக்குப் போய்ப் புதுப் படம் எடுத்துக்கொள். நம் ஸ்டூடியோவில் வேண்டாம், எதிர்க்கடையில். அந்த ஆளுக்கு டச்சப் வராது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஊரார் முகத்தையெல்லாம் சரிசெய்த பழக்கத்தில் உன் கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற மச்சம் படத்தில் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். மகள் பிரசவத்துக்குள் இனி விசா வராது.

"என் மூஞ்சில என்ன குறையக் கண்டீங்க?" என்று கேட்டாய்.

வீட்டுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பி.கு.: என் பர்சில் இருக்கும் உன் பழைய படத்தில் மச்சம் அப்படியே இருக்கிறது. அதில் நான் கை வைத்ததே இல்லை.