மாடு மிதித்த விதை

அன்புள்ள அம்மாவுக்கு, வேல்ஸிலிருந்து இசைவாணியின் தோத்திரம். நான் நலம். உன் உடம்பு எப்படி? உண்மையைச் சொல்.

போன வாரம் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் காட்டுப்பூ விதை தூவினேன். மறுநாள் பார்த்தால், முதலாளி டேவிட் அதில் மாடுகளை விட்டிருக்கிறார். நம்ம ஊர் செம்மங்குப்பத்தில் விதைத்த நிலத்தில் மாடு இறங்கினால் சும்மா விடுவார்களா? விதையைக் கெடுத்துவிட்டுப் பழியை என் தலையில் போடப் பார்க்கிறார் என்று நினைத்து, மாடுகளை விரட்டிக் கேட்டைப் பூட்டினேன். அவர் வந்து சிரித்தார். குளம்பு மிதித்தால்தான் விதை மண்ணில் பதியுமாம். புல்லை மேய்ந்தால்தான் பூச்செடிக்கு வெளிச்சம் கிடைக்குமாம். நானே கேட்டைத் திறந்துவிட்டேன். ஆனாலும் முளைத்ததைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. நீயே போடு, கடையில் வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். இங்கே நான் பேசும் தமிழைக் கேட்பது மாடுகள் மட்டும்தான்.

இன்னொன்று. போனில் இருமிக்கொண்டே இருக்கிறாய். கடலூர் போய் டாக்டரைப் பார் என்றால், "மொளகா வறுக்கிறேன்டி, அதான் இருமல் வருது" என்கிறாய். நான் கூப்பிடும்போதெல்லாமா மிளகாய் வறுக்கிறாய்?

டேவிட் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. முதலில் அடுப்பைக் காட்டு.

உன் மகள்,
இசைவாணி