கண்டாக்கு ஐயாவுக்கு நான் வைத்த பேர்

பெப். 17, திங்கள்

காலையில் கடும் பனி. புல் வெள்ளையாகக் கிடந்தது. சாக்ஸ் காயவில்லை. ஈரத்தோடு போனேன்.

ஆங்கிலப் பாடத்தில் டீச்சர் ஹிட்லரைப் பற்றிச் சொன்னார். டீச்சர் யாழ்ப்பாணம். அவர் பேசுவதை என் கூட்டாளி சுபா அப்படியே பேசிக் காட்டுவாள். இன்று டீச்சர் சொன்னது:

"அவன்ர பேரை இங்கிலீசில இப்ப பகிடிக்கும் பாவிக்கினம், பிள்ளையள். கையில கொஞ்ச அதிகாரம் கிடைச்ச உடன மற்ற ஆக்களை ஆட்டிப் படைக்கிறவரை லிட்டில் ஹிட்லர் எண்டு சொல்லுவினம். ஆனா பகிடி எண்டு விட்டுட்டு, அவன் சாக்காட்டின சனத்தை மறக்கக் கூடாது. விளங்குதே?"

உதாரண வாக்கியம் எழுதச் சொன்னார். யோசிக்கவே இல்லை. எங்கள் கண்டாக்கு ஐயா ஒரு லிட்டில் ஹிட்லர். சுபாவுக்கு மட்டும் காட்டினேன். மேசைக்குக் கீழே போய்ச் சிரித்தாள். டீச்சரிடம் வேறு வாக்கியம் கொடுத்தேன்.

தேயிலை மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர். போன கிழமை அம்மாவின் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டார். முத்தல் இலை கலந்திருக்கிறதாம். எல்லார் முன்னாலும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்தார்.

இந்தக் கொப்பியின் முன்பக்கம் கணக்கு. பின்பக்கத்தில் எழுதுவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெப். 18, செவ்வாய்

வெயில். பள்ளி விட்டு வந்து பீலித் தண்ணீரில் உடுப்புத் துவைத்தேன். அம்மாவும் அவருடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். கண்டாக்கு ஐயாவுக்கு வைத்த பேரைச் சொன்னேன், டீச்சர் சொன்ன அர்த்தத்தோடு.

"எப்புடி, எப்புடி? இன்னொரு தரம் சொல்லு புள்ள."

"லிட்டில்னா சின்னதுதானே? அந்தத் தொந்திக்கு லிட்டிலு வேணாம்டி. வெறும் ஹிட்லரே போதும்!"

அப்படிச் சிரித்தார்கள். அம்மா சிரித்து எவ்வளவு நாள்.

அப்போதுதான் பாக்கியம் அத்தை வாளியோடு வந்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா, தனி ஆள். பென்சன் வயது தாண்டிவிட்டது, நாள் சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கிறார். கண்டாக்கு ஐயா வேண்டாம் என்றால் வேலை இல்லை.

"என்னா சிரிப்பு? என்னாடி அது ஹிட்லரு?"

யாரும் வாயைத் திறக்கும் முன்பு நான் முந்திக்கொண்டேன். "ஐயாவுக்கு உத்தியோகம் ஏறியிருக்கு அத்தை. ஹிட்லர்னா தொரைக்கு அடுத்த பதவி."

கண்டாக்கு, டீமேக்கர், கிளாக்கர். இங்கே பதவி எல்லாம் இங்கிலீஷ் பேர்தானே. நம்பிவிட்டார்.

"நல்லா இருக்கட்டும். கூரைக்குத் தகரம் கேட்டு ஆறு மாசமாச்சு. பெரிய பதவின்னா குடுத்துருவாரு."

யாரும் திருத்தவில்லை. அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. 

பெப். 20, வியாழன்

அம்மா வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்தினார். அவர் சொன்னபடி:

காலையில் பெரட்டில் கண்டாக்கு ஐயா ஆட்களின் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்தை நடத்துகிற தொரையே ஜீப்பில் வந்திருக்கிறார். பாக்கியம் அத்தை வரிசையை விட்டுக் கண்டாக்கு ஐயாவின் முன்னால் போய், இரண்டு கையையும் தூக்கி:

"கும்புடுறேங்க ஹிட்லர் ஐயா. பதவி ஏறினதுக்கு ரொம்ப சந்தோசங்க. அந்தக் கூரைத் தகரம்…"

தொரை சிங்களவர், சின்ன வயது. ஜீப்பைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். "ஆ, ஹிட்லர் மாத்தயா!" பெண்களும் அடக்க முடியாமல் சிரித்திருக்கிறார்கள். அத்தையும் சிரித்தாராம், எதற்கென்று தெரியாமல்.

ஜீப் போன பிறகு கண்டாக்கு ஐயா கேட்டிருக்கிறார். "யாரு சொல்லிக் குடுத்தது?"

"தெரியலைங்க. காதுல விழுந்துச்சு."

"அப்ப அந்தக் காதோட வீட்லயே இரு. நாளையிலேருந்து ஒனக்கு வேல இல்ல."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீ வாயத் தொறக்காத புள்ள. தெரிஞ்சா எனக்கும் வேல போயிரும்."

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமுகிறார். சொல்லிக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

பெப். 21, வெள்ளி

கணிதத் தவணைப் பரீட்சை 61. சுபா 74.

இடைவேளையில் நூலகத்தில் சரித்திரப் புத்தகம் எடுத்தேன். ஹிட்லர் பற்றி நாலு பக்கம். ஒரு படத்தில் கொல்லப்பட்டவர்களின் சப்பாத்துகள், மலைபோல. பிள்ளைகளுடையதும் இருந்தன. புத்தகத்தை மூடிவிட்டேன். டீச்சர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

கண்டாக்கு ஐயா செய்தவை:
– அம்மாவின் கூடையைக் கவிழ்த்தார்.
– அத்தையின் வேலையை நிறுத்தினார்.
– நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, குளவி கொட்டி அம்மா மயங்கி விழுந்தார். சாக்கைப் போர்த்தி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது இவர்தான். இவர் முகமும் வீங்கியிருந்தது.
– யாரையும் கொல்லவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். அத்தையிடம் பொய் சொன்னேன்.

பெப். 23, ஞாயிறு

சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் காலையிலிருந்து. பாட்டும் கொடியும்.

மத்தியானம் அத்தை கூப்பிட்டார். ஓடி ஒளியலாம் போல் இருந்தது. போனேன். மூலையில் பாதி கட்டிய மூட்டை. கந்தப்பளையில் மகள் வீட்டுக்குப் போகப் போகிறாராம். மருமகன் குடித்துவிட்டு இவரைத் திட்டுகிறவர். அதனால்தான் இங்கே தனியாக இருந்தார்.

"பாப்பா, அது நெசமா என்னா பேரு?"

சொன்னேன். வேறு தேசத்தை ஆண்டவன், லட்சக்கணக்கில் சனத்தைக் கொன்றவன்.

அத்தை அடுப்பில் விறகைத் தள்ளினார். "அப்ப அந்த மனுசன கொலகாரன்னா கூப்புட்டேன்? கும்புட்டுக்கிட்டு?"

என் பக்கம் திரும்பினார்.

"நீ தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஆமா அத்தை."

திட்டுவார் என்று நின்றேன். கேத்தலை இறக்கித் தேத்தண்ணி ஊற்றினார். "சீனி போடவா?" என்றார்.

நாளைக்குப் பெரட்டுக்குப் போய் நானே சொல்லப் போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை, தடுப்பார். அத்தையிடமும் சொல்லவில்லை. காலையில் வேலை திரும்பக் கிடைத்தால் அவருக்கே தெரிந்துவிடும்.

பள்ளியின் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.

பெப். 24, திங்கள்

பனிமூட்டம். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பள்ளிக்குப் போகவில்லை.

பெரட்டில் வெள்ளைச் சட்டையோடு நின்றது நான் மட்டும். அம்மா என்னைப் பார்த்ததும் தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று.

"ஐயா, அந்தப் பேர் நான் வச்சதுங்க. பாக்கியம் அத்தைக்கு அர்த்தம் தெரியாது. நான்தான் பதவின்னு பொய் சொன்னேன்."

கண்டாக்கு ஐயா ஆட்களின் பேர் எழுதிய செக்றோலிலிருந்து தலையை நிமிர்த்தினார். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். என்னா அர்த்தம்? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

கொலைகாரன் பேர், தப்பாக வைத்துவிட்டேன், மன்னியுங்கள். இதைத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வாயில் வந்தது டீச்சர் சொன்னது.

"கையில கொஞ்சம் அதிகாரம் கெடைச்சதும் மத்தவங்கள ஆட்டிப் படைக்கிறவர்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட. அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன். குளவி கொட்டிய அன்றைக்கு வீங்கியிருந்த அதே முகம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

செக்றோலைப் புரட்டினார். வெகுநேரம்.

"பாக்கியம்."

வரிசையில் எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்கியம் வந்திருக்கா, இல்லையா?"

லயத்துக்கு ஓடினேன். அத்தையின் கதவில் பூட்டு. சாவி எங்கள் வாசல் ஆணியில் தொங்கியது. கந்தப்பளைப் பக்கம் போகிற முதல் பஸ் ஆறு மணிக்கே போய்விட்டது.