பந்தல்காரனைக் கல்லூரிக்குக் கூப்பிட்டது

அன்புள்ள செல்லக்கனிக்கு,

புயலடித்து எண்ணூர்க் கழியில் எண்ணெய் மிதந்ததே, அதையடுத்த பொங்கலுக்கு ஊரில் உன்னைப் பார்த்ததுதான். முழங்கால் வலி தேவலையா? ராயபுரத்தில் நான் சுகம். கடையில் கணக்குப் பார்க்கும் அனிஷா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். பந்தலுக்குத்தான் என்று கம்பும் நாற்காலியும் வண்டியில் ஏற்றிப் போனேன். "இன்னா நைனா, யாருக்குக் கண்ணாலம்?" என்று வாட்ச்மேன் சிரித்தார். உள்ளே என்னை உட்காரவைத்து, ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று மூன்று வருஷப் பட்டப்படிப்பு தொடங்குகிறோம், என்னென்ன பாடம் வைக்கலாம் என்றார்கள். அவர்கள் எழுதிவைத்த பட்டியலில் கல்யாணம், கம்பெனி விழா எல்லாம் இருந்தது. "சாவு வீடு எந்த வருசத்துல வருது?" என்றேன். பட்டியலை மடித்துவைத்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்கள். தப்பாகக் கேட்டுவிட்டேனா, இன்னும் விளங்கவில்லை.

பிறகு ஒரு டீச்சரம்மா, "உங்ககூடத் தொழில் ஆரம்பிச்சவங்க யாராவது வந்து பாடம் எடுப்பாங்களா?" என்றார். திங்கட்கிழமை பெயர் சொல்ல வேண்டும்.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. பார்சலில் போடாதே, கையில் கொண்டுவந்தால் நல்லது. அனிஷா கிளம்பவேண்டும் என்கிறாள்.

கம்பு நட்ட மரியதாசன் இல்லை. சமைத்த உச்சிமாகாளி இல்லை. விளக்குக் கட்டிய மதார் சாகிப்பும் போய்விட்டார். பந்திக்கு அரிசி அளந்தவள், செல்லக்கனி, நீ ஒருத்திதான் இருக்கிறாய்.