நைனாவின் டியூப்

6.3.2006, திங்கள்
மூன்று பேரின் நுரையீரல் செல்கள்தான் தேறின. ஆரோக்கியமான இன்னொருவர் சளி கொடுத்தால் போதும், அதிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரித்துவிடுவேன். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்மேல் ஜீனை ஏற்றி, அடியில் காந்தம் வைத்து, செல்லுக்குள் இழுக்க வேண்டும். என் ஆராய்ச்சியே அதுதான். வீட்டில் புலம்பினேன். நைனா சிரித்தார். “என்னிய இட்டுக்கினு போ யசோ. ராயபுரத்துல இருவத்தாறு வருசமா இரும்புத் தாது அள்றேன், ஒரு நாளு படுத்துக்கீறனா?”

8.3.2006
இஸ்திரி போட்ட சட்டையில் லேபுக்கு வந்தார். படிவத்தில் ‘நோய் உண்டா?’ — நானே ‘இல்லை’ என்று எழுதினேன். காலை இருமலெல்லாம் நோயில் சேர்த்தியா? அது எங்கள் வீட்டு அலாரம்.

10.3.2006
எல்லாம் பாழ். துகள் கலந்த செல்கள் காந்தம் இருந்த பக்கம் ஒதுங்கின, சரி. துகளே கலக்காத டியூப்பிலும் ஒதுங்கின! நைனாவுடையதில் மட்டும். கருணாகரன் சார் கத்தினார்: “லேபிளை மாத்தி ஒட்டிட்டு எங்கிட்ட வந்து நிக்காதே.” என் பிஎச்.டி. கைட் அவர், எதிர்த்துப் பேச முடியாது. பாத்ரூமில் போய் அழுதேன்.

13.3.2006
புதிதாகச் சளி எடுத்துச் செய்தேன். அப்படியேதான்.

14.3.2006
மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நைனாவின் செல்களுக்குள் கறுப்புப் புள்ளிகள். நான் போட்டவை அல்ல.

சின்ன வயதில், அவர் காக்கிச் சட்டையை உதறும் வாசலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை உருட்டுவேன். தூசி மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். எனக்கு சயின்ஸ் பிடித்துப்போனதே அதில்தான். சட்டையில இவ்ளோன்னா நெஞ்சுக்குள்ள எவ்ளோ போயிருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? படிச்சு என்ன கிழிச்சேன்?

21.3.2006
நைனாவுக்கு எக்ஸ்ரே. இரண்டு நுரையீரலிலும் இரும்புத் தூசி. டாக்டர் வேலையை விடச் சொன்னார். விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

24.3.2006
“அந்த சாம்பிளை எடுத்துடும்மா, கட்டுரைக்கு ஆகாது” என்றார் சார். எடுத்துவிட்டேன். என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

2.4.2006, ஞாயிறு
நைனா கேட்டார்: “உன் காந்தம் டியூப்புல கீறத இழுத்துச்சுன்னியே. நெஞ்சுல கீறத இழுக்காதா?”

“இழுக்காது நைனா.”

“சரி, வுடு.”

19.11.2006, ஞாயிறு
மதியம் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மூன்று தலையணையில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பனியனுக்குள் ஏதோ தடித்துத் தெரிந்தது. மெல்ல விலக்கிப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் காந்தம். எத்தனை நாளாக வைத்திருக்கிறாரோ, தோலில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது.

எடுக்கக் கை வரவில்லை. பனியனை இறக்கிவிட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தேன்.